காசு குடுத்து எதுக்குலே பயப்படணும்?

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம், அதான் இந்தப் பக்கம் வந்து நாளாச்சு. போன அக்டோபர்ல எழுத ஆரம்பிச்ச பதிவு இது. டிராஃப்ட்லயே கிடந்து தூசி படிஞ்சிருச்சு. தட்டித் துடைச்சுப் போடறேன். பயணக் கட்டுரைன்னு நெனச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும், பாதியிலயே வரலாற்றுப் பக்கம் சாய்ஞ்சிரும். நம்ம வியாதி அது :-)

விஷயம் இதுதான். அக்கா குடும்பம் சான் ஹோசேல இருக்கு. அம்மா ஆறு மாச விசால வந்திருந்தாங்க. நான் குடியிருக்கறது தெற்கு கலிபோர்னியா, ஆரஞ்ச் கவுண்டிப் பக்கம். எல்லாரும் ஒரு வாரம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. அக்காவுக்கு ரெண்டு வாண்டு. பெரியவன் ஒம்போது வயசு, சின்னவ அஞ்சு. ஞாயித்துக்கிழமை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு பெரியவன் ஒத்தக்கால்ல நின்னான். டிஸ்னி டிக்கெட் விலையைப் பாத்துட்டு அத்தான் முகம் போன போக்கைப் பாத்து, நான்தான் நாட்ஸ் பெர்ரி ஃபார்முக்குப் போலாம்னு சொன்னேன். ப்யூனா பார்க்ங்கற ஊர்ல இருக்கு. டிஸ்னிலேண்டுலருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான்.

அது ஹாலோவீன் சீசன். வழி நெடுக வீட்டு வாசல்ல பூசணிக்காய், எலும்புக்கூடு, நூலாம்படை. அமெரிக்காக்காரன் வீட்டு நூலாம்படையை அடிக்காம கடையில காசு குடுத்து வாங்கி ஒட்டறான்ங்கறதே அம்மாவுக்கு முதல் அதிர்ச்சி. பார்க்ல ராத்திரியான இதுக்குன்னே தனி டிக்கெட், பேய் வேஷம் போட்டு ஆளுங்க துரத்துவாங்கன்னு பெரியவன் ஆசையா விளக்கிட்டு வந்தான். அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் பின் சீட்டுல இருந்து ஒரு குரல்.

"காசு குடுத்து எதுக்குலே பயப்படணும்? நம்ம ஊர்ல சுடலமாடன் கோயில் பக்கம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு நடந்தா சும்மாவே கெடைக்குமே."

அத்தான் சிரிச்ச சிரிப்புல கார் லேன் மாறிருச்சு. ஆனா கேள்வி என்னமோ நியாயமான கேள்வி. அன்னிக்கு முழுக்க என் மண்டைக்குள்ள அதுதான் ஓடிட்டு இருந்தது. இந்தப் பதிவே அம்மாவுக்கு நான் சொல்ல நெனச்ச பதில்தான். நேர்ல சொன்னா பாதியிலயே "சரி சரி, சாப்பிடு"ன்னுருவாங்க.

உள்ள போனதும் கோஸ்ட் டவுன்னு ஒரு பகுதி. பெரியவன் பலகையைப் படிச்சு ஆச்சிக்கு மொழிபெயர்த்துட்டான்: "பேயூர்". அம்மா அப்படியே நின்னுட்டாங்க. பேய் எல்லாம் இல்லம்மா, ஜனங்க விட்டுட்டுப் போன பாழூருக்கு இங்கிலீஷ்ல அப்படித்தான் பேரு, நம்ம தனுஷ்கோடி மாதிரின்னு சொன்னதும்தான் நடந்தாங்க. மர வீடு, ஜெயில், கொல்லன் பட்டறை, குதிரை வண்டி, நீராவி ரயில்னு 1880கள்ல இருந்த ஒரு மேற்கத்திய ஊர் மாதிரி கட்டி வெச்சிருக்காங்க. சில கட்டடங்கள் பாலைவனத்துல கைவிடப்பட்ட நிஜ ஊர்கள்ல இருந்து பேத்துக் கொண்டாந்தது.

இந்தப் பேயூரை எதுக்காகக் கட்டினாங்கன்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. கோழிக்கறிக்காக!

வால்டர் நாட் 1889ல பொறந்தவர். 1920ல ப்யூனா பார்க்ல நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மச்சினன் முறை இல்ல, ஒன்னுவிட்ட சகோதரன் ஒருத்தரோட சேர்ந்து பெர்ரி பயிரிட்டார். ரோட்டோரத்துல கொட்டகை போட்டு வித்தார். பக்கத்து ஊரான அனஹெய்ம்ல ருடால்ஃப் பாய்சன்னு ஒருத்தர், பெர்ரி வகைகளை ஒன்னோட ஒன்னு சேத்து ஒரு ஒட்டுச் செடியை உருவாக்கிட்டு, சரியா வரலன்னு கைவிட்டிருந்தார். அமெரிக்க விவசாயத் துறையில இருந்த ஜார்ஜ் டாரோ அதைத் தேடி வர, நாட்டும் கூடப் போனார். களைக்கு நடுவுல செத்துட்டு இருந்த கொடியை எடுத்துட்டு வந்து நாட் பிழைக்க வெச்சார். 1932ல பழம் விக்க ஆரம்பிச்சார். அவர் பேரை வைக்காம உருவாக்கினவர் பேரையே வெச்சார். அதுதான் பாய்சன்பெர்ரி. ஓபன் சோர்ஸ் ஆளுங்க கவனிக்க :-)

பொருளாதாரப் பெருமந்தம் நடந்துட்டு இருந்த காலம். பெர்ரி மட்டும் வித்தா குடும்பம் ஓடாது. 1934ல ஒரு சாயங்காலம் அவர் மனைவி கார்டீலியா, தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுல எட்டு பேருக்குப் பொரிச்ச கோழி போட்டு விருந்து வெச்சாங்க. ஆளுக்கு 65 சென்ட். அந்த எட்டு, சில வருஷத்துல ஞாயித்துக்கிழமைகள்ல ஆயிரக்கணக்கா ஆயிருச்சு. ஜனம் மணிக்கணக்கா வரிசையில நின்னது. (அந்தம்மா பேர்ல அந்த உணவகம் இன்னும் இருக்கு. அதுலயும் வரிசை இன்னும் இருக்கு.)

நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், சர்வரோட வேகத்தைக் கூட்ட முடியலன்னா காத்திருக்கற ஆளுக்கு ஏதாவது சுத்திக்கிட்டே இருக்கற மாதிரி ஸ்கிரீன்ல காட்டணும். வால்டர் நாட் செஞ்சதும் அதேதான். 1940ல இருந்து, சாப்பாட்டுக்குக் காத்திருக்கற கூட்டம் சலிச்சுப் போகாம இருக்க ஒரு பழங்கால ஊரைக் கட்ட ஆரம்பிச்சார். ஏன் பாழூர்? அது அவர் குடும்பக் கதை. மொஹாவி பாலைவனத்துல கேலிகோன்னு ஒரு ஊர், 1881ல வெள்ளி கிடைச்சு முளைச்சது. அங்க வெள்ளி தேடப் போனவங்களுக்குப் பணம் போட்டவர் ஜான் கிங், நாட்டோட மாமா. சில்வர் கிங்னு அந்தச் சுரங்கத்துக்கே அவர் பேருதான். 1890கள்ல வெள்ளி விலை சரிஞ்சதும் ஊர் காலி. இளவயசுல நாட் அந்தப் பாலைவனத்துல விவசாயம் பண்ணித் தோத்தவர், கேலிகோவுல கூலி வேலையும் பார்த்தவர். 1951ல அந்த நிஜ கேலிகோவையே விலைக்கு வாங்கி, செப்பனிட்டு, 1966ல சான் பெர்னார்டினோ கவுண்டிக்குத் தானமா குடுத்துட்டார். இப்பவும் லாஸ் வேகாஸ் போற வழியில போய்ப் பாக்கலாம்.

ஆக, பேயூர்ல பேயே கிடையாது. இருந்ததெல்லாம் தோத்துப்போன ஜனங்களோட ஞாபகம். பேய்ங்க அப்புறமா, டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்துச்சுங்க.

ஒரு சின்ன விதிவிலக்கு சொல்லணும். அந்த ஜெயில்ல சேட் ஐ ஜோன்னு மரத்துல செதுக்கின ஒரு கைதி பொம்மை இருக்கு. 1940கள்லயே வந்தது. குழந்தைங்க கம்பி வழியா எட்டிப் பாத்தா, அது பேரைச் சொல்லிக் கூப்பிடும், எந்த ஊர்னு சொல்லும். அப்பாம்மா முன்னாடியே பக்கத்துல ஒரு ஆள்கிட்ட விவரம் சொல்லி வெச்சிருவாங்க, அவ்வளவுதான் சூட்சுமம். இந்த இடத்துலதான் அம்மா கேள்விக்கான பதிலோட முதல் நுனி எனக்குத் தட்டுப்பட்டது. குழந்தை பயப்படுது, ஆனா பயத்தை ஏற்பாடு பண்ணினவங்க பின்னாலயே நின்னு தோள்ல கை வெச்சிருக்காங்க.

பகல்ல குட்டிப் பசங்களுக்குன்னு தனி ஹாலோவீன் ஏற்பாடு. ஸ்னூபி பூசணி மாதிரி கோலத்துல ஆடுது, பசங்க வேஷம் போட்டுக்கிட்டு ஒவ்வொரு இடமா நின்னு பையில மிட்டாய் வாங்கிட்டு நகருதுங்க. சின்னவ தேவதை வேஷம். இறக்கையில ஒன்னு கார்லயே உடைஞ்சு போச்சு, ஒத்த இறக்கையோட மிட்டாய் வசூல் அமோகம். அம்மா என்கிட்ட, "இதெல்லாம் தெருவுல வீடு வீடா போய்க் கேக்கறதுன்னு டிவில காட்டுவானே, இங்க ஏன் மதில்சுவத்துக்குள்ள வெச்சு நடத்துதான்?"னு கேட்டாங்க. எங்கம்மாவை ஏதாவது யுனிவர்சிட்டில சேத்துவிட்டிருக்கணும்.

ஹாலோவீனோட ஆதி வரலாற்றுக்குள்ள ரொம்ப போகல. கெல்டிக் மக்களோட அறுவடை முடிவு விழா, அயர்லாந்து, ஸ்காட்லாந்துல இருந்து குடியேறினவங்களோட அமெரிக்கா வந்தது, அங்க டர்னிப்பைக் குடைஞ்சவங்க இங்க பூசணிக்காய் சுளுவா கிடைச்சதுன்னு அதைக் குடைஞ்சாங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தெரியாதது, ரொம்ப காலம் அது குழந்தைங்க மிட்டாய் வாங்கற நாளா இல்லாம, விடலைப் பசங்க ஊரை அதகளம் பண்ற ராத்திரியா இருந்துச்சுங்கறது. கேட்டைக் கழட்டறது, ஜன்னலை உடைக்கறது, வண்டியைக் கவுக்கறது. 1920ல மின்னசோட்டாவுல அனோகாங்கற ஊர் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது. பசங்க கையில கல்லு வர்றதுக்கு முன்னாடி ஊர்வலமும் தின்பண்டமும் குடுத்துருவோம்னு ஊரே சேர்ந்து விழா எடுத்தாங்க. மத்த ஊர்களும் பெருமந்தக் காலத்துல இதையே செஞ்சுச்சு. ரெண்டாம் உலகப் போர்ல சர்க்கரைக்கு ரேஷன். 1947ல அது முடிஞ்சதும்தான் வீடு வீடா போற பழக்கம் நாடு முழுக்கப் பரவுச்சு.

அப்புறம் பயம் வந்தது. வேஷப் பயம் இல்ல, நிஜப் பயம். மிட்டாய்ல விஷம், ஆப்பிள்ல பிளேடுன்னு 1960கள்லருந்தே வதந்தி. 1974ல டெக்சாஸ்ல ஒரு எட்டு வயசுப் பையன் ஹாலோவீன் மிட்டாய் சாப்பிட்டு சயனைடால செத்தான். நாடே அலறிப்போச்சு. விசாரிச்சா, குடுத்தவன் பெத்த அப்பன். இன்சூரன்ஸ் பணத்துக்காக. பழி தன் மேல விழக்கூடாதுன்னு மத்த குழந்தைங்களுக்கும் அதே மிட்டாயைக் குடுத்திருந்தான், நல்லவேளை யாரும் சாப்பிடல. 1984 மார்ச் 31ல அவனுக்கு மரண தண்டனை நிறைவேத்தினாங்க. நடுவுல 1982ல, ஹாலோவீனுக்கு ஒரு மாசம் முன்னாடி, சிகாகோ பக்கம் டைலனால் மாத்திரையில யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் செத்தாங்க. அந்த வருஷம் பல ஊர்ல பசங்களைத் தெருவுக்கு அனுப்பவே பயந்தாங்க.

ஜோயல் பெஸ்ட்னு ஒரு சமூகவியலாளர். 1958லருந்து வந்த பத்திரிகைச் செய்திகளை எல்லாம் உக்காந்து துருவி, 1985ல ஒரு ஆய்வு வெளியிட்டார். முன்பின் தெரியாத ஆள் குடுத்த ஹாலோவீன் மிட்டாய்ல விஷம் இருந்து குழந்தை செத்ததா நிரூபணமான ஒரு கேஸ் கூட அவருக்குக் கிடைக்கல. ஒன்னு கூட இல்ல. ஆனா பெத்தவங்க மனசு புள்ளிவிவரத்தையா கேக்கும்? தெரு வேணாம், கேட் இருக்கற இடம், யூனிஃபார்ம் போட்ட ஆள் மிட்டாய் குடுக்கற இடம் பத்திரம்னு நினைச்சாங்க. ஷாப்பிங் மால், சர்ச் பார்க்கிங், தீம் பார்க். அம்மா கேட்ட மதில்சுவர்க் கேள்விக்கு என் பதில் இதுதான். இந்தப் பக்கம் பார்க் நடத்தறவனுக்கும் அக்டோபர் மாசம் காத்து வாங்கற மாசம். பள்ளிக்கூடம் தொறந்தாச்சு, வெயில் கொறைஞ்சாச்சு. ரெண்டு பேர் தேவையும் சேர்ந்துச்சு.

ஆனா ராத்திரி நடக்கற பேயாட்டத்தை வெச்சு முதல்ல காசு பாத்தது குழந்தைங்களுக்காக இல்ல. மறுபடி பேயூருக்கே வர்றேன்.

1968 வரைக்கும் நாட்ஸுக்கு வேலியே கிடையாது. யார் வேணா உள்ள நடந்து போலாம். அந்த வருஷம் வேலி போட்டு 25 சென்ட் நுழைவுக் கட்டணம் வெச்சாங்க. இந்த வேலி ஒரு பெரிய விஷயம். வேலி இருந்தாத்தான் சாயங்காலம் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, அதே இடத்தை ராத்திரி வேற டிக்கெட்டுக்கு இன்னொரு தடவை விக்க முடியும்! ஒரே மெஷின், ரெண்டு ஷிஃப்ட். 1973 அக்டோபர் கடைசியில மூணே மூணு ராத்திரி சோதனை ஓட்டம் விட்டாங்க. பெருசா செலவெல்லாம் இல்ல. இருக்கற சுரங்க ரயில்லயும் மரக்கட்டைப் படகுலயும் நாலு பொம்மையை மாட்டி விட்டாங்க. அந்த ரெண்டு ரைடையும் கட்டினவர் பட் ஹர்ல்பட். பொம்மை எல்லாம் பத்தாதுன்னு அவருக்குத் தோணிருச்சு. கொரில்லா வேஷத்தை மாட்டிக்கிட்டு தன்னோட சொந்த சுரங்க ரயிலுக்குள்ள இறங்கி, வர்றவங்க மேல பாய ஆரம்பிச்சுட்டார். ரயிலைக் கட்டின மனுஷன், ஐம்பது வயசுக்கு மேல, கொரில்லா! இந்தக் காட்சியை நெனச்சு நெனச்சு நான் ஆபீஸ் மீட்டிங்ல எல்லாம் சிரிச்சிருக்கேன்.

அடுத்த வருஷமே டிக்கெட் தீந்துபோச்சு. நாட்ஸ் ஸ்கேரி ஃபார்ம்னு இன்னிக்கு அதுக்குப் பேரு. செப்டம்பர் பின்பாதியில ஆரம்பிச்சு அக்டோபர் முழுக்க ஓடுது. ஸ்லைடர்னு ஒரு பேய் வகையே இங்க பொறந்ததுதான். முட்டியில இரும்புக் கவசம் கட்டிக்கிட்டு, புகைக்குள்ள ஓடி வந்து சிமென்ட் தரையில தீப்பொறி பறக்க நம்ம கால்கிட்ட சறுக்கிட்டு வந்து நிக்கும். மத்தவங்க சும்மா இருப்பாங்களா? ஒர்லாண்டோல யுனிவர்சல் 1991ல மூணு ராத்திரி ஆரம்பிச்சது. டிஸ்னி 1995ல ஃப்ளோரிடாவுல ராத்திரி விழா வெச்சது, "அவ்வளவா பயமில்லாத"ன்னு பேர்லயே உத்தரவாதம் குடுத்து. அக்டோபர் காத்து வாங்கற மாசம்ங்கற கதையே மாறிப்போச்சு.

நல்லா கவனிச்சீங்கன்னா இதுல ஒரு எழுதப்படாத ஒப்பந்தம் இருக்கு. பேய் உன்னைத் தொடாது, நீயும் பேயைத் தொடக்கூடாது. நீ கத்தலாம், ஓடலாம், முடிவுல வெளிய வந்து சிரிக்கலாம். இந்தக் கடைசி வரிக்குத்தான் காசு.

அந்த வரி பொய்த்துப்போன ஒரு நாளும் உண்டு. நான் அதைப் பத்திப் படிச்சதே இந்தப் பயணத்துக்கு முந்தின வாரம்தான். படிக்காம இருந்திருக்கலாமோன்னும் தோணுச்சு.

நியூ ஜெர்சியில ஜாக்சன்ங்கற ஊர்ல சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பார்க். அங்க ஹான்டட் காசில்னு ஒரு பேய்க்கோட்டை. வெளிய பாக்க கோட்டை, உள்ள 17 அலுமினிய ட்ரெய்லர்களை ஒன்னோட ஒன்னு இணைச்ச இருட்டு வழி. சக்கரத்து மேல நிக்கறதால தற்காலிகக் கட்டடம்னு கணக்கு. அதனால நிரந்தரக் கட்டடத்துக்கு இருக்கற விதி இதுக்கு இல்ல. வருஷக்கணக்கா அங்கயேதான் நின்னுச்சுங்கறது வேற விஷயம். ஸ்பிரிங்க்ளர் கிடையாது. 1984 மே 11, வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ள தீப்பிடிச்சது. இருட்டுல ஒரு பையன் வழி பாக்க சிகரெட் லைட்டரைப் பத்த வெச்சப்ப, சுவத்துல முட்டிக்காம இருக்க ஒட்டியிருந்த ஃபோம் மெத்தையில தீ பட்டிருச்சுன்னு ஒரு சாட்சி சொன்னான். எட்டு பேர் வெளிய வரல. எட்டு பேருமே பதின்ம வயசுப் பிள்ளைங்க. தீயணைப்பு வீரர்கள் உள்ள போனப்ப அந்த உடல்களை முதல்ல கோட்டைக்குள்ள இருந்த பொம்மைன்னே நினைச்சாங்கன்னு செய்திகள்ல வந்தது.

இந்த வரியைத் தட்டச்சு பண்ண எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

கம்பெனி மேல கொலைக்கு அடுத்த நிலைக் குற்றச்சாட்டு வெச்சு வழக்கு நடந்தது. இது யாரோ வேணும்னே வெச்ச தீ, என்ன முன்னெச்சரிக்கை இருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு அவங்க தரப்பு வாதாடுச்சு. 1985ல ஜூரி விடுதலை பண்ணிருச்சு. ஆனா விதிகள் மாறிச்சு. இந்த மாதிரி வேணும்னே வழியைக் குழப்பற கேளிக்கைக் கட்டடங்களுக்குன்னு அமெரிக்கத் தீப் பாதுகாப்பு நெறிமுறையில தனிப் பகுதியே வந்தது. ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். புகை தெரிஞ்சா தானா வெளிச்சம் வரணும், பேய்ச் சத்தமும் மின்னல் வெளிச்சமும் தானா நிக்கணும். அதாவது நெஜ ஆபத்து வந்தா பொய்ப் பயம் அந்த நொடியே வாயை மூடிடணும். நான் எழுதின எந்த நிரலுக்கும் இவ்வளவு தெளிவான விதி யாரும் எழுதிக் குடுத்ததில்ல.

தேதியைப் பாத்தீங்களா? மார்ச் 31ல மிட்டாய்ல விஷம் வெச்ச அப்பனுக்கு ஊசி போட்டாங்க. ஆறு வாரம் கழிச்சு மே 11. தெருவுல முன்பின் தெரியாதவன் குடுக்கற மிட்டாய்க்கு அமெரிக்கா முழுக்க நடுங்கிட்டு இருந்த நேரம் அது. அந்த மிட்டாய் எந்தக் குழந்தையையும் கொல்லல. பத்திரம்னு நம்பி, டிக்கெட் வாங்கி, வேலிக்குள்ள போன எட்டுப் பிள்ளைங்கதான் திரும்பல. எதுக்குப் பயப்படணும்னு நமக்குத் தெரியறதே இல்லையோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அக்கா பசங்களை வெச்சுக்கிட்டு இருட்டு ரைடு வரிசையில நிக்கறப்ப இது வெறும் சந்தேகமா இல்ல, வயித்துல பிசைஞ்சது.

இன்னொரு தகவல். நாட் குடும்பம் 1997ல பார்க்கை சீடர் ஃபேர்ங்கற கம்பெனிக்கு வித்துருச்சு. 2024 ஜூலையில சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃப்ளாக்ஸும் இணைஞ்சு ஒரே கம்பெனி ஆயிருச்சு. கார்டீலியாம்மாவோட கோழிக்கறி வரிசையும் அந்தக் கோட்டை எரிஞ்ச பார்க்கும் ஒரே பேரேட்டுக்குள்ள வந்து சேந்துருச்சு.

சரி, அன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். மத்தியானம் எல்லாரும் கேலிகோ சுரங்க ரயில்ல ஏறினோம். 1960ல ஹர்ல்பட் கட்டினது, அந்த கொரில்லா இறங்கின அதே சுரங்கம். சின்னவ என் பக்கத்துல. உள்ள போன ஒரு நிமிஷத்துல இருட்டு. என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "மாமா, வெளிய போற வழி எங்க இருக்கு?"ன்னு கேட்டா. அழுகை எட்டிப் பாக்கற குரல். எனக்கு அந்தக் கோட்டை ஞாபகம் வந்துருச்சு. நிஜமாவே தேட ஆரம்பிச்சேன். ஓரத்துல ஒரு சின்ன வெளிச்சப் பலகை தெரிஞ்சது. "அதோ பாரு, எக்ஸிட்னு எழுதியிருக்கு. எழுத்துக் கூட்டு பாப்போம்." அவ கூட்டினா. அடுத்த வளைவுல இன்னொன்னைத் தேடினா. ரயிலை விட்டு இறங்கறதுக்குள்ள பாப்பாவுக்கு பயம் போச்சு, விளையாட்டு கிடைச்சது. ஹர்ல்பட் பாடுபட்டுச் செதுக்கின குகை, உருகின பாறை, சுரங்கத் தொழிலாளி பொம்மை எதையுமே அவ பாக்கல. வெளிய வந்து அவங்கம்மாகிட்ட எக்ஸிட் பலகைக் கணக்கைத்தான் சொன்னா.

அஞ்சு மணி வாக்குல பகல் கூட்டத்தை வெளிய அனுப்ப ஆரம்பிச்சாங்க. ராத்திரி ஆட்டத்துக்கு வந்த கல்லூரிப் பசங்க வெளிய வரிசை கட்டி நின்னாங்க. பெரியவன் கெஞ்சினான், "மாமா, ப்ளீஸ், நீங்க கூட்டிட்டுப் போங்க." பதிமூணு வயசுக்குக் கீழ ஏத்ததில்லன்னு அவங்களே போட்டிருக்கறதைக் காட்டினேன். நாலு வருஷம் கழிச்சு கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்னு சத்தியம் பண்ணச் சொன்னான், பண்ணிட்டேன். அத்தான் சாட்சி.

கோழிக்கறி வரிசையில நின்னோம். அரை மணிக்கு மேல. பசங்க ரெண்டும் மிட்டாயைப் பங்கு போடறதுல மும்முரமா இருந்தப்ப, அத்தான்கிட்ட மெதுவா நியூ ஜெர்சி கதையைச் சொன்னேன். அம்மா ஜாம் பாட்டில் வெச்சிருந்த கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்னுட்டு இருந்தாங்க, கேக்கலன்னு நெனச்சேன்.

கார் ஏறுறப்ப கேட்டாங்க: "அந்தப் பிள்ளையளுக்க அம்மாமாரு அந்தப் பக்கம் பொறவு போயிருப்பாளுவளாலே?"

தெரியலம்மான்னேன். காலைல கேட்ட கேள்விக்கு நான் யோசிச்சு வெச்சிருந்த பதில் ஒன்னும் சொல்லல. அம்மாவும் கேக்கல. சின்னவ அவங்க மடியில தூங்கிட்டா, உடைஞ்ச இறக்கை ஆச்சி கையில. பாய்சன்பெர்ரி ஜாம் ரெண்டு பாட்டில் வாங்கியிருந்தாங்க. ஒன்னு ஊருக்கு, ஒன்னு எனக்கு. என்னோடதைத் தோசைக்குத் தொட்டுத் தொட்டு தீத்தாச்சு. தோசைக்கு ஜாமான்னு கேக்கறவங்க ஒரு தடவை சாப்பிட்டுப் பாத்துட்டு வந்து பேசுங்க.

டிஸ்கி: சத்தியத்தோட கெடு முடிய இன்னும் நாள் இருக்கு. பெரியவன் நாள்காட்டியில குறிச்சு வெச்சிருக்கானாம். எனக்குத்தான் இப்பவே முட்டியில இரும்புக் கவசம் கட்டின ஆசாமிங்க கனவுல சறுக்கிட்டு வர்றாங்க. அவ்வ்வ்வ்.